காதால் பார்த்த வீடு

என் கணவர் மஸ்கட்டில் வாடகைக்கு வீடு தேடுகிறார் என்ற செய்தி மலைக்கு வந்து சேர்ந்த அன்று என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணுமா?" என்பதுதான்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாடகை என்ற ஒன்றை அவர் கணியம்பாடி சைக்கிள் கடையில் மட்டும்தான் பார்த்திருந்தார். மணிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்து, ஓட்டி, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். பெடல் வளைந்திருந்தால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஜவ்வாது மலையில், அமிர்தியிலிருந்து காட்டு வழியாக அரை நாள் ஏறினால் வரும் எங்கள் ஊரில் வீடு என்றால் கட்டுவது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவனுக்கு ஊரே சேர்ந்து மரம் வெட்டி, மண் குழைத்து, புல் வேய்ந்து கொடுத்துவிடும். அவனும் சாகும் வரை அதிலேயே கிடப்பான். காசு கொடுத்து அடுத்தவர் வீட்டில் குடியிருக்கும் வழக்கம் உலகத்தில் உண்டென்று எட்டாவது வரை படித்த எனக்குத் தெரியும். அதனால் விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"மாசா மாசம் காசு குடுத்துட்டு அங்கியே இருக்கலாம்பா."

"அப்போ அது யாரு வூடு?"

"வூட்டுக்காரரு வூடு."

"அவரு எங்க இருப்பாரு?"

"வேற வூட்ல."

"ரெண்டு வூடு வெச்சிக்கினு இன்னா பண்றாரு அந்த மனுசன்?"

அம்மா உள்ளேயிருந்து, "ஒண்ணு மழைக்கு, ஒண்ணு வெயிலுக்கு இருக்கும்" என்றாள். அப்பா அதை ஏற்றுக்கொண்டார்.

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான மழைக்காலம் முடிவதற்குள் என் கணவர் பறந்துவிட்டார். எங்கள் ஊருக்கு எட்டாத மலைச் சாலையில் ஆளும் மூட்டையும் ஏற்றும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். எங்கள் ஊருக்குப் புளி வாங்க வரும் வியாபாரியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கணியம்பாடிக்காரர். அவருடைய மச்சான் மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் இருந்தார். இந்தச் சாலையில் ஜீப் ஓட்டுகிறவன் உலகத்தில் எங்கேயும் வண்டி ஓட்டுவான் என்று பாய் சொல்ல, மச்சான் நம்ப, என் கணவர் டிரைவராகப் போனார். போகும்போது என்னிடம், "கொஞ்ச நாளு பொறுத்துக்க புள்ள, உன்னையும் இட்டுக்கினு போயிடறேன்" என்றார். அவர் போனதும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட நான் அதை அப்படியே நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, அன்றிலிருந்தே எதற்கும் கால் தரையில் பாவாமல் திரிந்தேன். சாமைக்குக் களை எடுக்கும்போதும் விமானச் சத்தம் கேட்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டே களைக்குப் பதிலாகச் சாமையைப் பிடுங்கிக்கொண்டே போயிருக்கிறேன். அம்மா கொடுத்த வசவு இன்னும் காதில் இருக்கிறது.

அவருடைய முதலாளி நல்ல மனிதர். தனியாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் காட்டினால் மனைவிக்கு விசா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் சிக்கல் அவ்வளவுதான். சிக்கல் முழுவதும் இந்தப் பக்கம் இருந்தது.

எங்கள் வழக்கம் இது. பெண்ணை அனுப்புவதற்கு முன்னால் பெண் வீட்டு ஆள் போய், அவள் வாழப்போகும் வீட்டைப் பார்த்தாக வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்புகிற பார்வை அல்ல. மாப்பிள்ளை வீட்டாரை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய், சுவரைத் தட்டி, தரையை மிதித்து, பரண் மேல் ஏறி, தவசப் பானைக்குள் கை விட்டு, அந்த வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு வந்து, "இருக்கலாம்" என்று சொல்ல வேண்டும். என் கல்யாணத்தின்போது அப்பா என் மாமியார் வீட்டுப் பரணில் ஏறி, ஏணி சறுக்கி, கேழ்வரகு மூட்டை மேல் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "மூட்ட நல்லா கெட்டியா கீது, இருக்கலாம்" என்று சொன்னவர். இப்போது மாப்பிள்ளை அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டால், அந்த வீட்டையும் பார்த்தாக வேண்டும்.

"பாக்காத வூட்டுக்குப் பொண்ணு போவாது" என்றார் அப்பா. ஊரும் அதையே சொன்னது. என் சித்தப்பா கொஞ்சம் கூடுதல் சத்தமாகச் சொன்னார். அவர் எதையுமே கூடுதல் சத்தமாகத்தான் சொல்வார்.

ஆக, என் கணவருக்கு வீடு கிடைக்க வேண்டும், அதை அப்பா பார்த்தாக வேண்டும். நடுவில் ஒரு கடல் கிடந்தது. இந்த இரண்டும் நடக்காவிட்டால் நான் மலையிலேயே களை எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதலில் அவர் ஒரு போட்டோ அனுப்பினார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, ஒரு சுவரில் சாய்ந்து நிற்கிறார். நான் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ள தெரியறாரு. செவுரு தெரியுது. வூடு எங்க?" என்றார். சித்தப்பா போட்டோவை விரலால் தட்டிப் பார்த்து, "இத்த தட்டுனா அட்ட சத்தம்தான் வருது" என்றார்.

அதற்குப் பிறகுதான் டேப் ரிக்கார்டர் வந்தது. பாயின் மச்சான் லீவில் வந்தபோது அவரிடம் என் கணவர் கொடுத்தனுப்பியிருந்தார். பாய் அதைப் புளி மூட்டை கட்டும் சாக்கில் சுற்றி, தலையில் வைத்து மலை ஏற்றிக் கொண்டுவந்தார். கூடவே ஒரு கேசட்டும் பேட்டரிகளும். பாய்க்கு அந்த வருடம் எங்கள் ஊரில் கிடைத்த வரவேற்பு, எத்தனையோ வருடம் புளிக்கு நல்ல விலை கொடுத்தும் கிடைக்காதது.

களத்து மேட்டில் ஊரே கூடியது. நடுவில் ஒரு முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் பெட்டியை வைத்தோம். பாய் எனக்குப் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தார். நான் அமுக்கினேன். கொஞ்ச நேரம் காற்றடிப்பது மாதிரி இரைச்சல். பிறகு, "மாமா, அல்லாரும் நல்லா கீறீங்களா?" என்று என் கணவரின் குரல்.

என் அம்மா ஓடினாள். எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசமாட்டாள். குரல் வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அங்கிருந்தே, "நல்லா கீறோம்னு சொல்லு" என்றாள். சொன்னேன். பெட்டிக்குத்தான் சொன்னேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அது ஒன்றும் எனக்குத் தவறாகத் தெரியவில்லை.

"இப்போ ஒரு வூடு பாத்துக்கினு வந்தேன் மாமா. மூணாவது மாடி. மேல இன்னும் ரெண்டு மாடி கீது..."

"மேல யாரு கீறாங்க மாப்ள?" என்று அப்பா பெட்டியைக் கேட்டார்.

"...தண்ணி கொழாயிலியே வந்துடுது. கொடம் தூக்க வேணாம்..."

"மேல யாருன்னு கேட்டேன்."

"...ஜன்னலத் தொறந்தா எதுருல மலைதான் மாமா. ஆனா ஒரு மரம் கெடயாது, புல்லு கெடயாது. மொட்டயா கீது..."

"கேட்டதுக்குப் பதில் சொல்றாரா பாரு" என்றார் சித்தப்பா. "ஊரு விட்டு ஊரு போனதும் மரியாத போயிடுச்சி."

நான் நிறுத்தும் பொத்தானை அமுக்கி, அந்தப் பேச்சு முன்னாலேயே பேசி வைத்தது என்று விளக்கினேன். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி கேள்வி கேட்டார்கள். மறுபடி நிறுத்தினேன். எங்கள் ஊரில் ஓர் ஆம்பளையின் பேச்சை ஒரு விரலால் நிறுத்தக்கூடிய ஒரே பெண்ணாக நான் அன்று இருந்தேன். அந்த அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தேவையில்லாத இடத்திலும் நிறுத்தினேன்.

கேசட்டின் அடுத்த பக்கத்தில் எங்கள் பதிலைப் பதிந்தோம். அப்பா, "நம்ம பொண்ணு தலமேல அடுத்தவன் கால் வெச்சி நடக்கற வூடு வேணாம்" என்றார். சித்தப்பா அதையே கத்தினார். ஒரு சேவல் கூவியது. அம்மா கொட்டகைக்குப் பின்னாலிருந்து, சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னாள். நான் என் பங்குக்கு, எல்லோரும் கலைந்த பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரகசியமாக இரண்டு வார்த்தை பேசினேன். என்ன பேசினேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது கேசட்டில் இரண்டாவது வீடு வந்தது. மேலே யாரும் இல்லை. எல்லோருக்கும் திருப்தி. அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தச் சமயத்தில் என் கணவர், யாரும் கேட்காமலேயே, பெருமையாக, "கக்கூசு உள்ளியே கீது மாமா, சமையல் ரூமுக்குப் பக்கத்துல. வெளிய போவவே வேணாம்" என்றார்.

நான் பொத்தானை அமுக்கினேன்.

"வூட்டுக்குள்ள?" என்றார் அப்பா.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த அம்மா, மாப்பிள்ளை, மரியாதை எல்லாவற்றையும் மறந்து வெளியே வந்துவிட்டாள். "அடுப்புக்குப் பக்கத்துலியா?"

அந்த வீடும் போனது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. சிரிப்பு அடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது, இப்படியே போனால் நான் போகவே போவதில்லை.

ஏனென்றால் மஸ்கட்டில் வீடு காத்திருக்காது. பாய் அதைப் பொறுமையாகச் சொன்னார். கேசட் அங்கிருந்து வந்து, மலை ஏறி, எங்கள் பஞ்சாயத்து முடிந்து, திரும்ப மலை இறங்கிக் கடல் தாண்டுவதற்குள் வேறு ஒருவர் பால் காய்ச்சி முடித்திருப்பார். வேண்டாம் என்று நாங்கள் சொன்ன வீடு, வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்காது.

மூன்றாவது கேசட்டில் என் கணவரின் குரல் இழுத்து இழுத்து, அடித்தொண்டையில், நோயாளியின் குரலாக வந்தது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். மிளகு தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்பலாமா என்றாள். பாய் பேட்டரியை மாற்றினார். மாப்பிள்ளை உடனே குணமாகிவிட்டார். ஆனால் சொன்ன சேதி குணமாகவில்லை. ரம்ஜான் முடிவதற்குள் வீட்டைக் காட்டவில்லை என்றால் முதலாளி ஊருக்குப் போய்விடுவார், அதன் பிறகு விசாவைப் பற்றி எப்போது பேசுவார் என்று சொல்ல முடியாது. "மாமா, நீங்க ஒண்ணு சரின்னு சொன்னாதான் நான் ஒரு வூட்ட புடிக்க முடியும்" என்றது பெட்டி.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் ஊருக்குத் தெரியும். களத்தின் நடுவில் நின்று, "நீ வேணும்னா ஏரோப்ளேன் ஏறிப் போயி தட்டிப் பாத்துட்டு வாயேன்! பரண் மேல ஏறு, பானைல கைய வுடு, வுழுந்து எழுந்து வா! நான் இங்கியே கெழவியாயிடறேன்!" என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. சித்தப்பாவே வாயை மூடிக்கொண்டார்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "அங்க தட்டுனா இங்க கேக்குமா?" என்றார்.

"கேக்கும்."

"அப்போ மாப்ளய தட்டச் சொல்லு."

அன்று அப்பா பதிந்த கேசட்டை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். வீட்டைப் பற்றி வாயால் சொல்ல வேண்டாம், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போ, கதவைத் திற, மூடு, சுவரைத் தட்டு, ஒவ்வொரு சுவரையும் தட்டு, தரையை மிதி, குழாயைத் திற, அந்தத் தண்ணீரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் குடி, நான் கேட்டுக்கொள்கிறேன் என்று வரிசையாகச் சொன்னார். அதைக் கேட்கும்போது என் கணவரின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து நான் சந்தோஷத்தில் குதித்தேன்.

அடுத்த கேசட் வந்தபோது அப்பா குளித்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீடு பார்க்கப் போகிறவர் அப்படித்தான் போவார். பெட்டிக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். யாரோ அதற்குப் பொட்டும் வைத்துவிட்டார்கள். அந்தப் பொட்டு கடைசி வரை அதில் இருந்தது.

முதலில் கதவு. கிறீச்சென்று நீளமாக இழுத்து, கடைசியில் தொப்பென்று மூடியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "பழைய மரம். நல்ல மரம்" என்றார். பிறகு சுவர். டொக், டொக். "கல்லு." இன்னொரு சுவர். "இதுவும் கல்லு." ஓர் இடத்தில் சத்தம் மாறியது. "இங்க அலமாரி வெச்சிக் கீறான்." தரையில் மிதிக்கிற சத்தம். பிறகு குழாய், பிறகு என் கணவர் மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம். அதைக் கேட்டு எனக்கே தொண்டை நனைந்தது.

நடுவில் வேறு ஒரு குரல், கிழட்டுக் குரல், உருதில் படபடவென்று ஏதோ கேட்டது. வீட்டுக்காரர். பாய் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாவாம்?" என்றார் அப்பா.

"எதுக்குடா என் செவுத்தப் போட்டு அடிக்கறேன்னு கேக்கறாரு. உங்க மாப்ள, பொண்ணோட அப்பா ஊர்ல இருந்துக்கினு கேக்கறாருங்கன்னு சொல்றாரு. அதுக்கு அந்தப் பெரியவரு சொல்றாரு, எனக்கும் பொண்ணுங்க கீறாங்க, நல்லா அடிச்சிக் காட்டுன்னு."

அதன் பிறகு பெட்டியில் இரண்டு பேர் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. கிழவரும் சேர்ந்துகொண்டுவிட்டார்.

அப்பா கண்ணைத் திறந்தார். "இருக்கலாம்" என்றார்.

ஊர் கத்திய கத்தலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சித்தப்பா அதன் பின்னால் ஓடினார். அன்றே பாய் வைத்திருந்த வேறு கேசட்டில் "இருக்கலாம்" என்று பதிந்து பாய் கையில் கொடுத்தோம். கிளம்புகிற வரைக்கும் நான் அந்தக் கதவுச் சத்தத்தைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக் கேட்டேன். அந்தக் கிறீச்சு எங்கே ஆரம்பிக்கும், எங்கே கொஞ்சம் விக்கும், எப்போது தொப்பென்று விழும் என்று எனக்கு மனப்பாடம். என் வீட்டுக் கதவு. என்னுடையது. யாராவது பேட்டரி தீர்ந்துவிடும் என்று சொன்னால் சண்டைக்குப் போனேன்.

ரம்ஜான் முடிந்த கையோடு விசா வந்தது. மறுபடி லீவில் வந்திருந்த பாயின் மச்சானும் அவர் மனைவியும் திரும்பிப் போகும்போது கூடவே என்னையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்பா என்னோடு அமிர்தி வரை இறங்கி வந்தார். வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் கையில் வைத்தார். சாமை.

"போனதும் வூட்டு நாலு மூலையிலும் ஒரு ஒரு கையி வெச்சிட்டுப் படு. காலைல கலையாம இருந்தா நல்ல எடம்."

வீடு கட்டும் முன்னால் மனைக்கு நாங்கள் செய்வது அது. கட்டி முடித்த வீட்டுக்கு யாரும் செய்ததில்லை. "கலஞ்சிருந்தா?" என்றேன்.

"கலஞ்சிருந்தா சொல்லியனுப்பு. வந்து இட்டுக்கினு வந்துடறேன்."

மஸ்கட்டிலிருந்து. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்பது மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிற்காது, அதனால் விடுகிறேன். இறங்கியதும் அந்த மொட்டை மலைகள் தெரிந்தன. அவர் தெரிந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை, கொஞ்சம் இளைத்திருந்தார். கம்பெனி வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் நான் பேசினேன், அவர் அதிகம் பேசவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சந்துக்குள் போய், ஒரு சின்ன வீட்டு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்தார். உள்ளே போனோம். அவர் கதவை மூடினார்.

டக்.

நான் அப்படியே நின்றேன். போய்க் கதவைத் திறந்தேன். மூடினேன். டக். மறுபடி. டக்.

"இது அந்த வூடு இல்ல" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். அந்தக் கிழவர் நம் பதில் வரும் வரைக்கும் வீட்டைப் பிடித்து வைத்திருக்கத்தான் பார்த்தாராம். அதற்குள் அவருடைய மகளே புருஷனோடு வந்து நின்றுவிட்டாளாம். ரம்ஜான் முடியப் போகிறது. கிடைத்த வீட்டைப் பிடித்து முதலாளியிடம் காட்டியிருக்கிறார். மறுபடி ஒரு கேசட் என்றால் மறுபடி களம், மறுபடி சித்தப்பா.

"எங்கப்பா கேட்டது வேற வூடு. நீங்க வெச்சிருக்கறது வேற வூடு."

"ஆமா புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடுத்த விமானத்தில் ஏற்றி எங்கள் களத்துக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் நின்ற நிலை, திருட்டு மாங்காயோடு பிடிபட்டவன் மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் விட்டுக்கொடுத்தது ஆகிவிடும். அதனால், "வெளிய போயி நில்லுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"மாப்ள வூட்டாரு உள்ள இருக்கக் கூடாது."

போய் நின்றார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் இருந்த அவருடைய டேப் ரிக்கார்டரை எடுத்துப் பதியும் பொத்தானை அமுக்கினேன். கதவைத் திறந்து மூடினேன். சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். தரையை மிதித்தேன். பரண் இல்லை, ஒரு ஸ்டூல் மேல் ஏறிக் கூரையைத் தட்டினேன். மேலே யாரும் இல்லை. அரிசி டப்பாவுக்குள் கை விட்டேன், நிறைய இருந்தது. கக்கூசு உள்ளேதான் இருந்தது, ஆனால் அடுப்புக்கு எட்டாத மூலையில். குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. "தண்ணி உப்பு" என்று பெட்டிக்குச் சொன்னேன். இருட்டியதும் நாலு மூலையிலும் சாமையை வைத்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் சாமை வைத்தது வைத்தபடி இருந்தது. நான் துள்ளிக் குதித்துக் காற்றுக்காகக் கதவைத் திறந்தேன். சந்தில் திரிந்துகொண்டிருந்த ஆடு ஒன்று சொந்தக்காரர் வீட்டுக்கு வருவது மாதிரி உள்ளே வந்து, ஒவ்வொரு மூலையாகப் போய் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, என்னைப் பார்த்து மே என்றது. அதையும் பதிந்தேன். ஆடு தின்றால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று எங்கள் ஊரில் நடந்ததே இல்லை.

கேசட்டை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். அது ஒரு மாதிரிக் காத்திருப்பு. பாத்திரம் வாங்கவில்லை, திரைச்சீலை மாட்டவில்லை, பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அடுக்கவில்லை. வா என்று அப்பா சொல்லிவிட்டால் என்ன செய்வது? போகவும் மனசில்லை. அவர் பேச்சைத் தட்டவும் மனசில்லை. என் கணவர் "சாமான் வாங்கலாமா?" என்று கேட்கும்போதெல்லாம், "இன்னும் வூடு முடிவாகல" என்றேன்.

பதில் வந்த அன்று அவர் கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நான் சொல்லாமலேயே வெளியே போய் நின்றுகொண்டார். அமுக்கினேன். சேவல் கூவியது. சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். யாரோ அவரை அடக்கினார்கள். பிறகு அப்பா.

"கதவு வேற. மொத சத்தத்துலியே தெரிஞ்சிபோச்சி. செவுரும் கல்லு இல்ல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாப்ள எத்தன வூடு தட்டுனாலும் அது மாப்ள தட்டுனதுதாம்மா. இது உன் கையின்னு எனக்குத் தெரியாதா? செவுத்த அப்டித்தானே தட்டுவே, கதவத் தொறங்கன்னு சின்னதுல. நம்ம வூட்டு ஆளு பாத்தாச்சு. உப்புத் தண்ணின்னு மறைக்காம சொன்னே பாரு, அதுவே போதும். ஆடு துன்னதுக்கு இன்னா அர்த்தம்னு இங்க இன்னும் பேசிக்கினு கீறாங்க. அவங்க பேசட்டும். நீ சாயங்காலம் திருப்பிக் குடுத்துடாத. இரு."

அதன் பிறகு வெறும் காற்றுச் சத்தம். என் மலைக் காற்று. அது தீரும் வரை கேட்டேன். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அவர் படியில் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆடும் பக்கத்திலேயே நின்றது.

"உள்ள வாங்க" என்றேன். இரண்டும் வந்தன.